நான் அழிக்கச் சொன்ன வரி

திண்டிவனம் ஜெராக்ஸ் கடையில் என் ரெஸ்யூமை டைப் செய்துகொண்டிருந்த அக்கா, "டிகிரி முடிச்சு நாலு வருஷம் என்னாம்மா பண்ணிக்கினு இருந்தே?" என்றார்.

"சும்மாதாங்க்கா. மல்லாட்டை மண்டில முப்பது பொம்பளைங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுத்துக்கினு இருந்தேன்."

அதையே முதல் வரியாக அடித்து பிரின்ட் எடுத்துவிட்டார். டிகிரி படித்தவள் வேர்க்கடலை மண்டியில் கிடந்ததை ஊருக்கெல்லாம் சொல்வதா? அழிக்கச் சொல்லி, அக்கா கவரில் போட்டுத் தந்த வேறு பிரின்ட்டை வாங்கினேன்.

விழுப்புரத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. "ஆளுங்கள வெச்சு வேலை வாங்கியிருக்கீங்களா?" என்றார் மேனேஜர்.

"வாங்கியிருக்கேன் சார்."

"இதுல காணோமே?"

கவரைத் துழாவினேன். முதல் பிரின்ட்டும் உள்ளே இருந்தது. அக்காதான் வைத்திருக்கிறார். எடுத்து நீட்டினேன்.

வேலை கிடைத்தது. இப்போது இன்டர்வியூ எடுப்பவள் நான். எதிரே இருப்பவள் "சும்மாதான் இருந்தேன்" என்றால், பேனாவை மூடாமல் காத்திருக்கிறேன்.