துப்பும் துக்கும்

அப்பா, எங்கள் நைனா, காலமான பிறகு தம்பிகள் இரண்டு பேரும் சித்தூர் வீட்டை ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டார்கள். என் பங்குக்கு வந்தது ஃபியட் கார். பதினைந்து வருஷமாகக் காம்பவுண்டுச் சுவரோரம் மழையிலும் வெயிலிலும் நின்ற கார். "அக்காவுக்குத்தான் கார் ஓட்டத் தெரியும், கார் அக்காவுக்கே" என்று பெரிய தம்பி சபைப் பெரியவர்கள் முன்னால் தாராளப் பிரபு மாதிரி சொன்னான். சின்னவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். குப்பையை என் தலையில் கட்டுகிறார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அறுப்பின் பண்டிகையன்று இதே காரை ஓட்டிக்கொண்டு வந்து சர்ச் வாசலில் இறங்குவேன், இந்த இரண்டு மூஞ்சிகளும் அதைப் பார்க்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். காரின் மேல் பாசம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. திருப்பதியில் அலிபிரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எட்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் மனுஷனுக்கு வாயில் வரும் தெலுங்கு மொத்தம் பத்து வார்த்தை. கேட்டால் "மேனேஜ் பண்ணிக்கிடுதேன்" என்பார். இந்த லட்சணத்தில் என் தமிழைக் கிண்டல் செய்வார். 'துன்னுறது' என்றால் சிரிப்பு, 'கீது' என்றால் சிரிப்பு.

காரைப் பார்க்க அவரைச் சித்தூருக்குக் கூட்டிப்போனேன். டிரைவர் சீட்டுக்கு முன்னால் அவர் கால் வைத்ததும் தகடு பொத்துக்கொண்டு செருப்பு மண்ணில் நின்றது. "அடியெல்லாம் துப்பு புடிச்சிக்கினு கீது" என்றேன். எங்கள் பக்கத்தில் துருவைத் துப்பு என்றுதான் சொல்வோம். அது தெலுங்கு வார்த்தை என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காரு மேலயுமா துப்புவாங்க?" என்று கேட்டார். கம்பெனி பஸ்ஸில் போகும் அத்தனை தமிழ்நாட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிரித்த மனுஷனுக்கு எங்கிருந்தோ காரின் மேல் வெறி பிடித்தது. மூன்று வாரம் போனில் வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வினிகரில் ஊறவைத்துத் துரு எடுக்கிறான் என்று என் பெரிய எவர்சில்வர் பேசினில் வினிகரை ஊற்றி, சித்தூரிலிருந்து கழற்றி வந்த சக்கரத்து மூடியை முக்கி வைத்தார். வீடு முழுக்க ஊறுகாய் நாற்றம். நீலக் கலரில் மெக்கானிக் உடுப்பு ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்ற எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிற ஆள். 'ரெஸ்டரேஷன்' என்று அவர் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் வண்டி நகர்ந்தது. மாங்கூழ் கம்பெனிக்கு ஓடும் மினி லாரி ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி, காரை ஏற்றித் திருப்பதி பைபாஸ் பக்கம் கார்த் தகடு வேலை செய்யும் ஒரு டிங்கர் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். டிங்கர் நடுவயசுக்காரர், தெலுங்கு மட்டும்தான் பேசுவார். ஒரே நாளில் நான்கு கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் கழற்றி ஷெட் மூலையில் சாய்த்து வைத்துவிட்டார். முதல் வாரம் நான் போய்ப் பார்த்தேன். "டோர்லு கட்டிகா உன்னாயம்மா, பைன துப்பே" என்றார். கதவுகள் கெட்டியாக இருக்கின்றன, துரு மேலோடுதான், சுரண்டி எடுத்தால் போதும் என்று அர்த்தம். இந்தக் காருக்குக் கதவு இனிமேல் எங்கே தேடினாலும் கிடைக்காது, அதனால் பதமாகத்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது. சின்னவன் கைக்குட்டை ஞாபகத்துக்கு வந்து, ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் என்னிடம் கேட்டார். "நாளைக்கு ஒரு தடவ நீ வந்து அந்த ஆள்ட்ட வெவரமா பேசிரேன். துரு எடுக்கிற சமாச்சாரத்த எனக்குச் சொல்ல வரல."

"எட்டு வருசமா இங்க சோறு துன்னுறீங்க. ஒரு வார்த்த பேச வராதா? நான் வரல. நீங்களே மேனேஜ் பண்ணிக்கோங்க" என்றேன்.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தேன். டிங்கர் முன்னால் நின்று அவர் திக்குவதை நினைத்துப் பார்க்கச் சுகமாக இருந்தது.

அவரும் ஷெட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து டிங்கருக்குப் போன் செய்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தது அதற்கடுத்த சனிக்கிழமை. காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பியவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"கார் இருக்கு. கதவு இல்ல" என்றார்.

அவர் போனில் சொன்னது இதுதான்: "துக்கு அந்தா தீசேயண்டி." துரு முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னதாக நினைப்பு. தெலுங்கில் துக்கு என்றால் கழித்துப்போட்ட பழைய இரும்பு. டிங்கர் நம்ப முடியாமல் "அந்தானா சார்?" என்று கேட்டிருக்கிறார். முழுவதுமா என்று கேட்கிறார். இவர் கம்பீரமாக "அந்தா, அந்தா" என்றிருக்கிறார். டிங்கர் கூப்பிட்ட பழைய இரும்புக்காரன் வண்டியோடு வந்து, மூலையில் சாய்த்து வைத்த அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டான். நசுக்கி, லோடு ஏற்றி அனுப்பியும் ஆகிவிட்டது.

"துப்புன்னு சொல்றதுக்கு இன்னா கேடு? நான் சொல்லிக் குடுத்த வார்த்ததானே?" என்று கத்தினேன்.

"அந்த ஆள்ட்டப் போயி துப்பு துப்புன்னு எப்பிடிச் சொல்ல? மூஞ்சில துப்பச் சொன்ன மாதிரி இருக்கும்லா. ஷெட்டுல எல்லாரும் துக்கு துக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதுதான் மரியாதையான வார்த்தன்னு நெனச்சேன்" என்றார்.

மரியாதையாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எருமை, தண்டம், தத்தி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனுஷன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. போனை எடுத்து டிங்கரைப் பிடித்தேன். கொடுத்த பொருளைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா, கெட்டியான கதவு என்று நீதானே சொன்னாய், மூளையை எங்கே அடகு வைத்தாய் என்று தெலுங்கில் மூச்சு விடாமல் கிழித்தேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். நான் திட்டுவதை வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்றுதான்.

டிங்கர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார். "இந்த பாகா தெலுகு மாட்லாடுதாரு கதம்மா. ஒக்கசாரி மீரே வச்சி செப்புண்டே அய்ப்போயேதி." இவ்வளவு நன்றாகத் தெலுங்கு பேசுகிறீர்களே அம்மா, ஒரே ஒரு தடவை நீங்களே வந்து சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டார்.

"எல்லாம் உங்க தப்புதான்னு சொல்றான்" என்றேன்.

"சரியாத்தான் சொல்லுதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஷூவைக் கழற்றினார்.