ரொட்டிக்காரரின் பகல் தூக்கம்

ரொட்டிக்காரருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஊர் தூங்கும்போது மாவு பிசைவார். விடிவதற்குள் ரொட்டியைச் சுட்டு இறக்கிவிடுவார். விற்று முடித்து வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தால், பொழுது இறங்கும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்தத் தூக்கத்துக்கு வேட்டு வைத்தது எண்ணெய்.

ஊருக்கு வெளியே, ஆடுகூட வாய் வைக்காத பொட்டல் காட்டில் எண்ணெய் கிளம்பியதும் ஊருக்கே கிறுக்குப் பிடித்தது. முடிவெட்டுகிறவர் கத்தரியைப் போட்டுவிட்டு லாரி ஓட்டப் போனார். கணக்கு வாத்தியார் இரும்புக் குழாய்களை எண்ணப் போனார். ரொட்டிக்காரரிடம் மாவு பிசைந்த இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலே கம்பி நீட்டினார்கள். வெளியூர் ஆட்களோ ஈசல் மாதிரி வந்து இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து லாட்ஜ் என்று பலகை மாட்டினார். ஆடுகள் தெருவில் நின்று முழித்தன.

இதைப் பார்த்த ரொட்டிக்காரர் மனைவி சும்மா இருப்பாளா? எண்ணெய்க் கிணற்றில் ராத்திரி வேலை பார்க்கிற ஒருவனுக்கு உள்ளறையைக் கட்டிலோடு வாடகைக்கு விட்டுவிட்டாள். ஆள் தடியன், கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பீப்பாய் என்பார்கள். ராத்திரி வேலைக்காரன் எப்போது தூங்குவான்? பகலில்தான்.

"ஏண்டி, நான் எங்க படுக்கிறது?"

"கூடத்துல படுங்க."

"கூடத்துல நீ தையல் மிஷினைக் கடகடன்னு ஓட்டுறியே."

"அப்ப அடுப்படியில படுங்க. உங்களுக்கு அடுப்பு பழக்கம்தானே."

"இது என் வீடுடி."

"யாரு இல்லேன்னா? மழை பெஞ்சா நடுக்கூடத்துலயே குளிக்கலாம், அப்படி வீடு. எண்ணெய் வத்துறதுக்குள்ள தளம் போட்டுடணும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். அடுப்படியில் படுத்தால் பாத்திரம் உருளும். கடை பெஞ்சில் படுத்தால் கதவைத் தட்டி பன் கேட்பார்கள். கண் எரிய எரிய வேலை பார்த்த மனுஷன், ஒருநாள் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்தபடி அசந்துபோனார். அத்தனை ரொட்டியும் கரி.

வரிசையில் நின்றவர்களில் ஒருவன் ரொட்டியை முகர்ந்து பார்த்து, "என்னண்ணே, நீங்களும் எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ரொட்டிக்காரர் கடையைச் சாத்திவிட்டு நேராக உள்ளறைக்குப் போனார். பீப்பாய் குறுக்காகக் கிடந்தான்.

"தம்பி, தள்ளிப் படு."

"அண்ணே, நான் வாடகை குடுக்கிறேன்."

"இனிமே பாதிக் கட்டிலுக்குக் குடு."

இடுப்பால் ஒரு இடி இடித்துப் பக்கத்தில் படுத்தார். அடுத்த நிமிஷமே குறட்டை.

சாயங்காலம் பீப்பாய் பெட்டியைக் கட்டினான். "அக்கா, எண்ணெய்க் கிணத்து இரைச்சல்ல நின்னுக்கிட்டே தூங்குவேன். அண்ணன் பக்கத்துல முடியல. லாரி மேடு ஏறுற மாதிரி இருக்கு." அடுத்த தெருவில் இடம் பிடித்துப் போய்விட்டான்.

அவள் புருஷன் முன்னால் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள். வைத்தால் வைக்கட்டும் என்று மறுநாள் ரொட்டிக்காரர் கை காலை நீட்டி, முழுக் கட்டிலையும் அடைத்துக்கொண்டு படுத்தார். கண் சொருகும் நேரம், கதவு திறந்தது. மனைவி. பின்னால் தகரப் பெட்டியோடு ஒரு குச்சி ஆள்.

"என்னடி இது?"

"ஒல்லியான ஆளாத் தேடிப் பிடிச்சேன். ரெண்டு பேருக்கும் கட்டில் பத்தும். உங்க குறட்டையையும் முதல்லயே சொல்லிட்டேன்."

"எனக்கு ஒரு காது கேக்காதுண்ணே," என்றான் வந்தவன், பணிவாக. "நல்ல காதைத் தலகாணியில அமுக்கிப் படுத்துக்குவேன்."

ரொட்டிக்காரர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சண்டை போடலாம்தான். ஆனால் அவள் பதிலுக்குப் பதில் பேசுவாள், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சுவரோரமாக நகர்ந்து படுத்தார்.

"காலைக் கழுவிட்டு வந்து படுடா," என்றார்.