ஆலங்காயம் மலைக்குச் சாமுவேலைத் தேடிப் போனோம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏற வழி கேட்டுச் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே ஒரே முறைதான் போனேன், இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதத்தில். வேடிக்கை பார்க்க அல்ல. என் நண்பன் தேவசகாயத்தோடும் எங்கள் ஆம்பூர்க்காரர் இருவரோடும் சேர்ந்து, தேவசகாயத்தின் தம்பி சாமுவேலைத் தேடிப் போனேன்.

சாமுவேல் சென்னையில் ஆகாய விமானம் ஓட்டக் கற்றவன். தோல் வியாபாரி ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய சின்ன விமானத்தைத் தனியாகப் பெங்களூருக்கு ஓட்டிப் போனவன் போய்ச் சேரவில்லை. ஆம்பூரைத் தாண்டியதும் தெற்கே மேகத்துக்குள் திரும்பியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தெற்கே இருப்பது மலைதான்.

ஆம்பூரில் காலை ரயில் ஏறி வாணியம்பாடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆலங்காயம் பத்துப் பன்னிரண்டு மைல். மோட்டார் பஸ்ஸுக்கு ஆளுக்கு நாலணா. ஏழு மணிக்குக் கிளம்பும் என்பார்கள். ஆள் நிரம்பினால்தான் அதற்கு ஏழு மணி. அன்று டிரைவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏரோப்ளேன் தேடறவங்களா? முன்னால குந்துங்க" என்று உடனே கிளப்பிவிட்டார்.

ஆலங்காயத்தில் கோவிந்தன் துணைக்கு வந்தார். தோல் பதனிட மலையிலிருந்து ஆவாரம்பட்டை சேர்த்து அனுப்புகிறவர். ஆவாரங்கொம்பை மரக்கட்டையால் தட்டித் தட்டித்தான் பட்டையை உரிப்பார்கள். எங்கள் ஊர்ச் சோறே அந்தப் பட்டையில்தான் வேகிறது.

ஏழு மைல் ஏறியபின் ஓடைக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று விட்டுவிட்டுக் கேட்டது.

"இன்னா சத்தம் அது?" என்றான் தேவசகாயம்.

"பட்டை தட்றாங்க, வேற இன்னா?" என்றார் கோவிந்தன்.

"அவங்களக் கேட்டுப் பாக்கலாமே."

"பள்ளம் ரொம்ப செங்குத்துங்க. சாயங்காலம் ஊருக்குத்தானே வருவாங்க, அங்க கேட்டுக்கலாம்."

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாப்பிட்டுவிட்டு நடந்தோம்.

பொழுது சாயும்போது மலையூரில் பட்டை உரிக்கும் பெண்களைப் பார்த்துக் கேட்டோம். ஒருத்தி விழித்தாள். "நாங்க எங்க காட்டுக்குப் போனோம்? ஊர்ல சாவு விழுந்திருக்கு. காரியம் முடியற வரைக்கும் ஒருத்தரும் மரத்துல கை வெக்க மாட்டோம்."

கோவிந்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேவசகாயம் வந்த வழியே ஓடினான். நாலு பேர் பிடித்து நிறுத்தினோம். இருட்டில் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் அவனையும் இழந்திருப்போம்.

விடிந்ததும் இறங்கினோம். சத்தம் இல்லை. இந்தச் சின்ன விமானங்களின் உடம்பு மரமும் துணியும்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சாமுவேல் அதற்குள்ளேயே இருந்தான், இரண்டு காலும் நசுங்கி. கையில் ஸ்பானர். பக்கத்து மரச்சட்டமெல்லாம் அடித்த தழும்பு. உடம்பு இன்னும் விறைக்கவில்லை.

கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தேவசகாயம் அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "விழுந்த உடனே போய்ட்டான்னு எங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. எல்லாரும் அதையே சொல்லுங்க" என்றான்.

போக நினைப்பவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள். பிறகு ஓடைகள் வற்றிவிடும். சோறு கட்டிக்கொள்ளுங்கள். மேலே கடை கிடையாது, கேட்டால் மலையூர்க்காரர்கள் சாமைச்சோறு போடுவார்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.

தேவசகாயத்தின் அம்மா சென்ற மாதம் காலமானார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் திரும்பிய அன்று அவர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எம்புள்ள கஷ்டப்பட்டானாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, உடனே போய்ட்டான்" என்றோம். கடைசியாக, உடலோடு எங்களுடன் ஆம்பூர் வரை வந்திருந்த கோவிந்தனைக் கேட்டார். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாகும்வரை யாரிடமும் அதைக் கேட்கவில்லை.