ஒன்பது கஜமும் ஒரு ஜெராக்ஸ் ஷீட்டும்

1. பேன்ட் பை

ஆகுர்டியில் தையல் மெஷின் விற்கும் கடை ஒன்றில் டெமோ டீச்சராகச் சேர்ந்த முதல் நாள், எனக்கு மராத்தியில் தெரிந்தது மொத்தமே காய்கறிப் பெயர்கள்தான். இந்தி அதைவிடக் கொஞ்சம் தேவலை. மெஷின் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து தைத்துக் காட்டி, இதை நாமும் தைக்கலாம் போலிருக்கிறதே என்று அவர்களை நினைக்க வைப்பதுதான் டெமோ டீச்சர் வேலை. முதலாளி காலே சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேசவே தெரியாதவள வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா மெஷின் விக்கறது?"

அவர் சொன்னது இந்தியில். இங்கே எல்லாரையும் தமிழிலேயே பேச விடுகிறேன், இல்லையென்றால் கதை நகராது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவள் நான். எங்கள் கையைத் தாண்டாமல் ஒரு பீஸ்கூட வெளியே போகாது. மறுநாள் வீட்டுக்காரருடைய பழைய யூனிஃபார்ம் பேன்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசலிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். கால்களை வெட்டினேன், அடியை மூடினேன், வெட்டிய காலிலிருந்து கைப்பிடி எடுத்தேன். காய்கறிப் பை தயார். பேன்ட் பாக்கெட் வெளியே அப்படியே இருந்ததால், சில்லறை போட்டுக்கொள்ளத் தனியாகப் பர்ஸ் தேவையில்லை.

ஆகுர்டியில் வீட்டுக்கு வீடு ஃபாக்டரி ஆட்கள். அந்த நீலப் பேன்ட் பரணில் கிடக்காத வீடே இல்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கூட்டம் கூடிவிட்டது. எப்படிச் செய்வது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எந்த மொழியில் எழுதுவது? அளவு போட்டு, அம்புக்குறி போட்டு, படமாக வரைந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் 'சனிக்கிழமை ஷீட்' பிறந்தது இப்படித்தான். பிறகு கிழிந்த துப்பட்டாவில் குஷன் உறை, புடவை பார்டரில் ஃபைல் உறை, பழைய ஸ்வெட்டரில் குழந்தைக் குல்லா என்று சனிக்கிழமைதோறும் கடையில் வகுப்பு வைத்து, வாரம் ஒன்று போட்டோம்.

2. காலே சாரின் புலம்பல்

காலே சாருக்கு ஷீட் பிடிக்கவே இல்லை. "மெஷின விக்கச் சொன்னா, நீ வித்தையவே சும்மா அள்ளிக் குடுக்கறியே! எல்லாத்தையும் வீட்டுலயே செஞ்சுக்கிட்டா என் கடைக்கு எதுக்கு வருவாங்க?"

"நூல் வாங்க வருவாங்க, சார்" என்பேன். வந்தார்கள். ஆனாலும் அவர் முகம் மலராது.

அவருக்கு மட்டும் இல்லை, வகுப்புக்கு வரும் பெண்களுக்கும் என் மேல் ஒரு குறை உண்டு. நான் மடக்குத் தையலை விடமாட்டேன். இரண்டு துணியைச் சேர்த்து அடித்து, ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மடக்கி, மேலே இன்னொரு தையல் போட வேண்டும். ஜீன்ஸ் பேன்ட்டின் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டு மெஷினில் ஓரம் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் கிடையாது, சும்மா அடித்தால் ஓரம் பிசிறு தட்டும். மடக்கி அடித்தால் எந்தப் பக்கமும் பிசிறு தெரியாது. ஆனால் வேலை இரட்டிப்பு.

"உள்பக்கத்த யார் பார்க்கப் போறாங்க, செல்வி தாயி?" என்று முனகுவார்கள். தாயி என்றால் அங்கே அக்கா.

"நான் பார்ப்பேன்" என்பேன். செக்கிங் செக்‌ஷன் புத்தி. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில் அடுத்தவள் ஜாக்கெட்டைக்கூடத் திருப்பப் பார்த்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

3. நவ்வாரி ஷீட்

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள் சுனந்தா தாயி கடைக்கு வந்தார். எங்கள் பகுதி மகளிர் மண்டலின், அதாவது பெண்கள் சங்கத்தின், தலைவி. குரல் கொடுத்தால் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். குடி பாட்வா, அதாவது மராத்திக்காரர்களின் வருஷப் பிறப்பு, அன்று காலையில் ஊர்வலம். மண்டல் பெண்கள் எல்லாரும் நவ்வாரி கட்டிக்கொண்டு, சலங்கைத் தகடு கோத்த கட்டையைக் குலுக்கி லேஜிம் ஆடப்போகிறார்கள். நவ்வாரி என்றால் கச்சம் வைத்துக் கட்டும் ஒன்பது கஜம். பாதிப் பேருக்கு அதைக் கட்டத் தெரியாது, கட்டினாலும் ஆட்டத்தில் அவிழ்ந்துவிடுமோ என்று பயம்.

"பேன்ட் மாதிரி மாட்டிக்கற நவ்வாரி ஒண்ணு ஷீட் போடு. எல்லாரும் வீட்டுலயே தச்சுக்கறோம்."

காலே சார் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "போடு. ஊர்வலம் என் கடை வாசல் வழியாத்தான் வரும். நல்லா வந்தா ஷீட் அது பாட்டுக்குத் தொடரட்டும். அசிங்கமாச்சுன்னா ஷீட்டும் இல்ல, சனிக்கிழமை வகுப்பும் இல்ல. நீயும் வேற எடம் பார்த்துக்கோ."

எனக்கு ஒன்பது கஜம் கட்டத் தெரியாது. எங்கள் பக்கம் அந்த வழக்கமே இல்லை. மாடி வீட்டு விசாலம் மாமிதான் நினைவுக்கு வந்தார். பாங்க்கில் வேலை பார்த்தவரின் மனைவி, நாள் கிழமை என்றால் மடிசார்தான்.

"மாமி, ஒன்பது கஜம் கட்டிக் காமிங்க. அளவெடுக்கோணும்."

"அதுக்கென்னடி, ஒன்பது கஜம்னா எல்லாம் ஒண்ணுதானே!" என்று மாமி கட்டி நின்றார். நான் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்தேன். இரண்டு கால் துண்டுகள், நாடா இடுப்பு, கடைசியில் பக்கவாட்டில் சேர்க்க ஒரு நீளமான முந்தானைத் துண்டு. மாதிரி ஒன்று தைத்து மாமிக்குப் போட்டுப் பார்த்தோம். கனகச்சிதம். அதைக் கடையில் மடித்துத் தொங்கவிட்டேன். ஷீட்டின் அடியில் இரண்டு எச்சரிக்கையும் வரைந்தேன். அச்சடித்த துணி வேண்டாம், நெய்த பருத்திக் கட்டம் மட்டும். மடக்குத் தையல் கட்டாயம்.

4. ஊர்வலத்துக்கு முதல் நாள்

கச்சத்தையும் கொசுவத்தையும் எல்லாருமாகச் சேர்ந்து மடித்துக் கைத்தையல் போடலாம் என்று முதல் நாள் மத்தியானம் கடையின் பின்னறையில் கூடினோம். தைத்ததை முழுசாக உடுத்திப் பார்த்தது அன்றைக்குத்தான். முதல் பெண் மாட்டிக்கொண்டு முந்தானையைத் தூக்கினாள். அது வலது தோளில் போய் விழுந்தது. இரண்டாமவளுக்கும் வலது தோள். எல்லாருக்கும் வலது தோள்.

"அகோ பாயி!" என்று சுனந்தா தாயி நெற்றியில் அறைந்துகொண்டார். "நவ்வாரிக்கு முந்தானை இடது தோள்ல வரணும்! எங்க மாமியார் பார்த்தா, புதுசா எந்த ஊர்க்காரி ஆனேன்னு கேப்பா!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமி வீட்டு வழக்கத்தில் மடிசாருக்குத் தலைப்பு வலது தோளில். மாமிக்கு நவ்வாரி தெரியாது, எனக்கு இரண்டுமே தெரியாது. இரண்டு தமிழச்சிகளும் சேர்ந்து, மராத்தி வருஷப் பிறப்புக்கு ஆகுர்டி முழுக்க மடிசார் தைக்க வைத்திருக்கிறோம்.

காலே சார் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே கல்லாவுக்குத் திரும்பினார். தையலைப் பிரித்து முந்தானையை மறுபக்கம் வைக்கலாம். ஆனால் மடக்குத் தையலைப் பிரிப்பது என்ன சாதாரணமா? விடிந்தால் ஊர்வலம். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்திலிருந்த ஒரு நவ்வாரியை எடுத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தன் பழக்கத்துக்கு அதை உள்பக்கம் திருப்பியது. தையல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றேன். முந்தானை இடது பக்கம் இருந்தது.

"இத மாட்டு" என்றேன் அழுதவளிடம்.

"இது உள்பக்கம், தாயி."

"மாட்டுன்னு சொல்றேன்!"

மாட்டினாள். முந்தானை இடது தோளில் வந்து அம்சமாக உட்கார்ந்தது. நெய்த துணி, அதனால் கட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். மடக்குத் தையல், அதனால் ஒரு பிசிறு இல்லை. நாடா முடிச்சு மட்டும் உள்ளே போயிருந்தது. பிளேடால் சின்னதாகக் கீறி வெளியே இழுத்தோம். அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டு, தீப்பிடித்துவிட்டதோ என்று காலே சார் ஓடி வந்தார்.

எல்லாரும் திருப்பி மாட்டிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. தலைவியாயிற்றே, கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று சுனந்தா தாயி அச்சடித்த துணி வாங்கியிருந்தார். திருப்பினால் வெளிறிப்போய்ப் பழைய மேஜை விரிப்பு மாதிரி இருந்தது. அவருடையதை மட்டும் உட்கார்ந்து பிரித்துத் தைத்தேன். அந்த ஒன்றுக்கே பொழுது சாய்ந்துவிட்டது.

"ஷீட்ல போட்டிருந்தேனே, தாயி" என்றேன்.

"சும்மா தையி" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக ஒலித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

5. வலது தோள்

மறுநாள் காலை ஊர்வலம் கடை வாசலுக்கு வந்தது. டோல் முழங்க லேஜிம் ஆடினார்கள், குதித்தார்கள், உட்கார்ந்து எழுந்தார்கள். ஒரு கச்சம் அவிழவில்லை. காலே சார் தெருவில் இறங்கி நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நம்ம கடை டிசைன்! நம்ம டீச்சர்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் நூல்கண்டுகளை அடுக்கினேன்.

அப்போது பார்த்தால், எதிர்ப் பக்கம் விசாலம் மாமி. தனக்கு அளவெடுத்துத் தைத்த அந்த மாதிரியைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, வலது தோளில் தலைப்போடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். சுனந்தா தாயி அவரைப் பார்த்துவிட்டார். அவர் நேராகப் போய் மாமியின் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டார். "எனக்கு ஆடத் தெரியாதுடியம்மா!" என்று தமிழில் கத்திக்கொண்டே மாமி நாலு அடி ஆடியும்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நிற்க இடமில்லை. நவ்வாரி ஷீட்டில் காலே சார் தானே கடைப் பெயரை அச்சடித்து, கீழே 'இருபுறமும் உடுத்தலாம்' என்று சேர்த்தார். "இதுதாம்மா விக்கற விஷயம்" என்றார். தள்ளியிருக்கிற சாகணிலிருந்துகூட ஷீட் கேட்டு ஆள் வந்தது. பாணேரில் ஐ.டி. வேலை பார்த்த பெண்கள் ஷீட்டை ஸ்கேன் செய்து ஈமெயிலில் ஊர் ஊராக அனுப்பினார்கள். அதற்கப்புறம் காலே சார் ஷீட்டைப் பற்றிப் புலம்பவே இல்லை.

இப்போது செய்முறை வீடியோ போடும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மாதிரியை யார் உடுத்தப் போகிறார்களோ அவர்களுக்கே போட்டுப் பாருங்கள் என்கிறேன். அப்புறம், உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். அன்று ஆகுர்டி முழுவதும் நின்று பார்த்துக் கைதட்டியது எங்கள் உள்பக்கத்தைத்தான்.