மாதங்கி சேர்த்த கேள்வி

மாதங்கிக்குத் தன்மேல் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், வங்கியில் சீஃப் மேனேஜர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பரிசுக் கமிட்டிக்குத் தலைவி. "நான் யார் தயவுலயும் வரல மீரா. பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். பத்து வருஷமாகக் கமிட்டியில் அவள் பக்கத்து நாற்காலி எனக்கு. வேறு வழியில்லாமல் கேட்பேன்.

பொறியியல் நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கும் சங்கத்துப் பிள்ளைக்கு அறுபதாயிரம் ரூபாய் பரிசு. இந்த வருஷம் மாதங்கியின் மகன் ஜெயந்த் 98.6 பெர்சென்டைல். பரிசு அவனுக்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம்.

அப்போதுதான் கார்டன் ரீச்சிலிருந்து மருதமுத்து வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மகள் அனுராதாவுக்கு 94. ஜல்பைகுரியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் போய்விடும். விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், புள்ள கோச்சிங் எதுக்கும் போகலைங்க. அத எங்க எழுதறது?"

"அதெல்லாம் வேண்டாம், மார்க் போதும்" என்றாள் மாதங்கி.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மாதங்கி அந்தத் தாளை விடவில்லை. "அவர் கேட்டது நியாயம்தானே? எழுத இடமே இல்லையே" என்றாள். விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் அனுப்ப மறுநாள் புதிதாக ஒரு கேள்வி எழுதிக் கொண்டுவந்தாள்: இந்த மதிப்பெண்ணை வாங்க உங்களுக்குக் கிடைத்த உதவிகள் என்ன?

பொருளாளர் ராகவேந்திரன் மாமா கொதித்துப் போனார். "விதிய நடுவுல மாத்தறதாவது! பரீட்சை ஹால்ல கோச்சிங் வாத்தியாரா உக்காந்து எழுதினார்?"

"நஷ்டம் வந்தா என் பிள்ளைக்குத்தான் மாமா. அவனோடத நானே வாசிக்கறேன், போறுமா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் கேள்வியை அனுப்பலாம் என்று கை தூக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. அனுராதா ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'அப்பாவின் போன், அவர் வேலைக்குப் போகாத நேரத்தில்.' எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜெயந்த் ஒரு பக்கம் நிறைய, தப்பும் தவறுமான தமிழில் எழுதியிருந்தான். மாதங்கி அதை வங்கி சுற்றறிக்கை மாதிரி கணீரென்று வாசித்தாள். இரண்டு வருஷக் கோச்சிங். அது போதாமல் ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடியும் எழுதியது. கணக்குக்குத் தனி வாத்தியார். தனி ஏசி அறை. பெஹாலாவில் இருந்த கோச்சிங்குக்குக் காரில் கொண்டுவிட அப்பா. கடைசி வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. நான் தாளை வாங்கி வாசித்தேன்.

'அம்மாவுக்கு மும்பைக்குப் ப்ரமோஷன் வந்தது. என் படிப்புக்காக வேண்டாம் என்றுவிட்டாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.'

ராகவேந்திரன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுராதான்னே எழுதுங்கோ" என்றார்.

மாதங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உடனே மருதமுத்துவுக்குப் போன் போட்டு, காசோலையை நாளைக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஜெயந்தின் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள்.

"மீரா, நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கறச்சே அம்மா படுத்த படுக்கை. வீட்டு வேலை மொத்தமும் எங்க அக்கா பாகீரதிதான் பண்ணினா. அவளும் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தா."