வாய்க்கரிசிக்கு ஒரு மன்னிப்பு

என் புருஷன் சைவம், நாங்கள் கிறிஸ்தவர்கள். கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று என்னைப் பெற்ற ஐயாவுக்குச் சொன்னவர். சொல்லிக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டார். பண்டத்தரிப்பு வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது மாமி என் கையில் கொஞ்சம் அரிசி தந்தார். குனிந்து அவர் வாயில் போட்டேன். அழுகை வரவில்லை. அன்று எனக்கு எதுவுமே வரவில்லை.

பிறகு ஐயா வீட்டுக்குத் திரும்பினேன். ஐயா எங்கள் சபையில் மூப்பர். வாய்க்கரிசிக் கதை எனக்கு முன்னமே அங்கு வந்து சேர்ந்திருந்தது. திருவிருந்து ஞாயிறுகளில், அப்பம் பரிமாறுமுன் சபையில் சேராதவர்களும் விலக்கப்பட்டவர்களும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். போதகர் என்னைப் பார்த்தார். எழுந்து போனேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். மணலில் கால் சுட்டது, அவ்வளவுதான்.

அதன்பின் மாதக்கணக்காய்ப் பள்ளிக்கூட அறையில் என்னை இருத்தி வைத்துக்கொண்டு மூப்பர்கள் வாதாடினார்கள்.

"கட்டளை எண்டால் கட்டளைதான். அஞ்ஞானச் சடங்கு செய்தவள் சபைக்கு முன்னாலை நிண்டு மனஸ்தாபப்பட்டு மன்னிப்புக் கேக்கவேணும்," என்றார் இன்னொரு மூப்பரான வாத்தியார்.

ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டளையாலை எங்களிலை ஆர் தப்புறது? நீர் தப்புவீரோ? கிருபை சும்மா கிடைக்கிறது, ஐசே."

ஐயா கிருபைக்குச் சாட்சியாய் வேதத்திலிருந்து பவுலை இழுத்தார், வாத்தியார் நடத்தைக்குச் சாட்சியாய் யாக்கோபை இழுத்தார். பெரிய மனிதர்கள். ஏன் போட்டாய் என்று என்னிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் ஐயா வென்றார். நான் சபைக்கு முன் நிற்கத் தேவையில்லை, என் பாவத்தைக் கிருபை மூடிவிட்டது என்று தீர்மானித்தார்கள். "இனி ஒருத்தரும் உன்னை வெளியிலை அனுப்பேலாது, பிள்ளை," என்று சொல்லி ஐயா என் தலையில் கை வைத்தார். எனக்காக அவர் பட்ட பாடு பொய்யில்லை.

அடுத்த திருவிருந்தில் அப்பத் தட்டை நாங்கள் இருந்த வாங்குக்குக் கொண்டுவந்தவர் ஐயாதான். முகமெல்லாம் சந்தோஷம். தட்டை வாங்கினேன். ஒன்றும் எடுக்காமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா கேட்டார். "ஏன் பிள்ளை? உன்ரை பாவத்தைத்தான் மன்னிச்சாச்செல்லோ?"

"அது பாவமில்லை, ஐயா. அவர் என்ரை மனிசன்."

ஐயா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"பாவமில்லையெண்டு நீ சொன்னால், மன்னிக்க ஒண்டுமில்லை. உன்னைச் சபைக்குள்ளை எடுக்க என்னட்டை வேறை வழியில்லை, பிள்ளை."

"ஓம் ஐயா, தெரியும்," என்றேன்.