எடுத்துவைத்த புடவை

கீர்த்தி எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று அவளுக்கு நாற்காலி இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்கு மேல்மாடி அது. ஜன்னல் மேடையில் லேப்டாப்பை வைத்து நின்றபடியே வேலையைத் தொடங்கினாள். பக்கத்து ஊரான ஓரிக்கைக்காரி. என்னைப் போலவே வீட்டில் முதல் பட்டதாரி. டீ வருவதற்குள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

வேலை தற்காலிகம். கீழ்க்கடை கலைவாணனுக்கு ஆன்லைன் விற்பனை சர்வர் எழுத வேண்டும். ஓடவைத்தால் நிரந்தரம் என்றிருந்தார் எங்கள் முதலாளி தினகரன்.

ஓடவில்லை. அவள் எழுதிய நிரலில் ஆர்டர் ஃபைல், புடவை இருக்கிறதா என்று ஸ்டாக் ஃபைலைக் கேட்டது. ஸ்டாக்கோ, யாராவது எடுத்துவைக்கச் சொன்னார்களா என்று ஆர்டரைக் கேட்டது. பெண் வீட்டார் கூரைப்புடவையைப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லிப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தலையாட்டும்வரை அதை விற்கக் கூடாது. கடை வழக்கம்.

சர்வர் ஆர்டரைப் படிக்கத் தொடங்கும். பாதியில் ஸ்டாக்கைக் கூப்பிடும். ஸ்டாக் திரும்பி ஆர்டரைக் கூப்பிட்டால், இன்னும் படித்து முடிக்காததால் எதுவும் நிரம்பாத வெறும் கூடுதான் கிடைக்கும். 'அப்படியொரு ஃபங்ஷனே இல்லை' என்று பிழை காட்டி சர்வர் விழுந்துவிடும். கீர்த்தி ஸ்டாக்கை முதலில் போட்டுப் பார்த்தாள். இப்போது ஆர்டர் உதைத்தது.

"இன்னாமா, செக்குமாடு மாதிரி சுத்திக்கினே இருக்குற?" என்றார் தினகரன்.

"ஒரு மாடுன்னா பரவால்ல சார். ரெண்டு இருக்குது. ஒண்ணு வாலை ஒண்ணு கடிச்சிக்கினு நிக்குது."

எரிச்சலோடு கீழே இறங்கினாள். கலைவாணன், யாரோ எடுத்துவைக்கச் சொன்ன கூரைப்புடவையை மடித்துக்கொண்டிருந்தார். அது அலமாரிக்கும் போகவில்லை, பில் மேசைக்கும் போகவில்லை; சாமி படத்தடியில் இருந்த மரப்பெட்டிக்குள் போனது. கீர்த்தி வந்த வேகத்தில் மாடியேறினாள். எடுத்துவைத்தவற்றுக்கென்று மூன்றாவது ஃபைல் எழுதினாள். ஸ்டாக் இனி அதைத்தான் கேட்கும், ஆர்டரைக் கேட்காது. அந்த ஃபைல் யாரையும் கேட்காது. சர்வர் ஓடியது.

"சார், பர்மனென்ட்?"

"கலைவாணன் வருஷ கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடட்டும்மா. அன்னிக்கே போட்டுடறேன்."

கலைவாணனிடம் போனாள்.

"நீ பர்மனென்ட் ஆவாம நான் எப்டிமா கையெழுத்துப் போடறது? நாளைக்கு நீ வேலைய வுட்டுப் பூட்டா நான் யாரைக் கேக்குறது?"

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தாள்.

"ஒருத்தரை ஒருத்தர் கேக்காதீங்க சார். ஒரே பேப்பர்ல ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுடுங்க."

"படா ஆளுப்பா இவ!" கலைவாணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். வாடிக்கையாளர் வரவே எழுந்து போய்விட்டார்.

"ஆடித் தள்ளுபடி முடியட்டும்மா" என்றார் தினகரன்.

ஆடி முடிந்து ஐப்பசியும் வந்துவிட்டது. சர்வர் ஒரு நாளும் நிற்கவில்லை. கீர்த்தி அதே மாடியில் இருக்கிறாள். இப்போது நாற்காலி இருக்கிறது. வேலை இன்னும் தற்காலிகம்தான்.